ஆழினிக்கு வந்த யோகம்

எங்கள் குப்பத்துக் கரையில் காலை நேரத்தில் நின்றுகொண்டு ‘ஏழுமலை’ என்று குரல் கொடுத்தால் ஒன்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பத்தாவது ஏழுமலையாகிய நான் திரும்ப மாட்டேன். எப்படியும் என்னைத் தேடியிருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் மீனுக்குக்கூட அவ்வளவு பஞ்சம் கிடையாது, பெயருக்குத்தான் பஞ்சம். இருக்கிற இருபது முப்பது பெயர்களையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, அடையாளத்துக்கு முன்னால் ஒரு வார்த்தையை ஒட்டிவிடுவோம். நெட்டை ஏழுமலை, ஐஸ் ஏழுமலை, ரெண்டு பொண்டாட்டி ஏழுமலை. (பாவம், அவருக்கு ஒரே மனைவிதான். இன்னொருத்தி இருப்பதாக எவனோ ஒருநாள் கிளப்பிவிட்டான். புரளி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.) பொன்னேரிக்கு மூன்று வருடம் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய் வந்ததால் நான் காலேஜ் ஏழுமலை. பட்டம் வாங்கினேன், பிறகு கடனை உடனை வாங்கிப் படகும் வாங்கினேன். இரண்டாலும் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது ஊரின் ஒருமித்த கருத்து.

எனக்கு ஒட்டியதாவது கௌரவமான வார்த்தை. என் மனைவிக்கு அப்படி அமையவில்லை. ஏரியின் மறுகரையில், ஆரம்பாக்கத்தில் அவள் பிறந்த தெருவில் நான்கு அமுலு. மேட்டு வீட்டு அமுலு, டெய்லர் அமுலு, சின்ன அமுலு. இவளுக்கு முன்பல் இரண்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் என்பதால் பல்லு அமுலு. எங்கள் கல்யாணத்தன்று மைக்கைப் பிடித்த ஒரு பெரியவர், பல்லு அமுலு திருமணத்துக்கு வந்திருக்கும் உற்றார் உறவினர் எல்லோரும் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ரொம்பப் பாசமாக அறிவித்தார். அவர் கேலி செய்யவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுதான் மணமகள் பெயர். மேடையில் என் பக்கத்தில் நின்றவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவள் சிரிக்கவில்லை. அதைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

ஆகவே மகள் பிறந்ததும் அமுலு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தாய்வீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அறையில் வேறு யாரும் இல்லையென்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“எம் பொண்ணுக்கு யாருக்கும் இல்லாத பேரு ஒண்ணு வேணும் மாமா. முன்னாடி இன்னொரு வார்த்த ஒட்டவே கூடாது.”

மூன்றாம் மாதம் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகும்போது பெயர் வைப்பதாக ஏற்பாடு. அதுவரை பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று குழந்தையின் பாதத்தைத் தொட வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். நான் அந்த ‘யாரிடமும்’ என்பதில் அவளையும் சேர்த்துக்கொண்டேன். பெயர் வைக்கும் நாளன்று அவள் காதிலேயே முதல்முறையாக விழட்டும், அசந்து போகட்டும் என்று ஆசை. படித்தவன் முட்டாள்தனம் செய்தால் அதில் ஒரு திட்டம் இருக்கும்.

பொன்னேரி பஸ் நிலையத்துக் கடையில் குழந்தைப் பெயர்ப் புத்தகம் ஒன்று வாங்கினேன். புத்தகத்தில் அபூர்வம் என்று போட்டால் ஆயிற்றா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? தினம் காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனேன். சுற்று வட்டாரமே அங்கே கூடும். ஒரு மூலையில் நின்று, புத்தகத்தில் குறித்து வைத்த பெயரை உரக்கக் கூப்பிட்டுப் பார்ப்பேன். யாராவது திரும்பினால் அந்தப் பெயரை அடித்துவிடுவேன். யாழினிக்கு இரண்டு பேர் திரும்பினார்கள். கயல்விழிக்கு ஒரு கூட்டமே திரும்பியது. என் பிள்ளை காணாமல் போய்விட்டதென்று நினைத்து இரண்டு பெண்கள் என்னோடு சேர்ந்து தேடவும் ஆரம்பித்தார்கள். (பிறந்து பத்து நாளான பிள்ளை ஏலக் கடைக்கு எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் எதையும் கேட்பதில் பயனில்லை என்று விட்டிருப்பார்கள்.)

ஆறாம் நாள் ‘ஆழினி’ என்று கூப்பிட்டேன். ஒருவர்கூடத் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நாய்கூட நிமிரவில்லை. ஆழி என்றால் கடல், ஆழினி கடலுக்கு உரியவள் என்று புத்தகம் சொன்னது. மீனவன் மகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ‘ழ’ வாயில் நிற்காது, ‘ஆயினி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் என்ன, அப்படியும் யாருக்கும் பெயர் கிடையாதே. அன்று நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

இங்கேதான் என் புதுப் படகு உள்ளே வருகிறது. ஃபைபர் படகு. பெயர் எழுதாமல் அதைத் தண்ணீரில் இறக்க மாட்டோம். அதுவும் படகுக்கு நம் பிள்ளையின் பெயரைத்தான் வைப்பது எங்கள் வழக்கம்; வீட்டில் இல்லாத பெயரைப் படகில் எழுதினால் படகு அனாதையாகிவிடும் என்பார்கள். நல்ல நாள் குறித்தாகிவிட்டது. அமுலுவுக்குக் கொடுத்த சத்தியத்தைப் பற்றி ஒரு கணம் யோசித்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதானே சொன்னாள்? எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை ஏரியில் முக்கி எடுத்திருக்கலாம்.

சுற்றியிருக்கும் படகுகளுக்கெல்லாம் பெயர் எழுதுவது பெயின்டர் எத்திராஜ். பெயர் மட்டும் எழுத மாட்டார், பக்கத்தில் ஒரு படமும் போடுவார். அதற்குப் பெயரின் கதை தெரிந்தாக வேண்டும். ஆழினி யார் என்று கேட்டார். கடல் என்றேன். கடல் சரி, ஆள் யார் என்றார். தூரிகையை டப்பாவிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல், அந்தக் காலத்தில் இந்த ஏரியை ஆண்ட ராணி என்றேன். என்ன செய்தாள் என்றார். டச்சுக்காரன் கப்பலை ஒற்றை வலை வீசிக் கரைக்கு இழுத்துப் போட்டாள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பெருமையாக இருந்தது. எத்திராஜுக்கு வரையத் தெரிந்த முகம் முனீஸ்வரன் முகம் ஒன்றுதான். ஆகவே ராணி ஆழினி உருட்டி விழித்த கண்களோடு, ஒரு கையில் வாளும் ஒரு கையில் வலையுமாக, பெரிய இறால் ஒன்றின் மேல் நின்றாள். மீசையை மட்டும் நான் கெஞ்சி அழிக்க வைத்தேன்.

பூசணிக்காய் உடைத்துப் படகை இறக்கினோம். முதல் நாளே வலை கொள்ளாத இறால். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பெட்டி போதாமல் என் சட்டையைக் கழற்றி அதில் கட்டிக்கொண்டு வந்தேன். ஊர் கூடி யோசித்தது. காற்று எல்லாருக்கும் ஒரே காற்று. வலை பழைய வலை. காலேஜ் ஏழுமலைக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் இவ்வளவையும் பிடித்தது யார்? பெயர்தான்.

அந்த வாரக் கடைசியில் ‘ஆழினி துணை’ என்று ஒரு படகு இறங்கியது. அடுத்து ‘ஸ்ரீ ஆழினி’. மாதா கோயில் பக்கத்திலிருந்து ‘புனித ஆழினி’ வந்தாள். ஐஸ் கடைக்கு, டீக்கடைக்கு, ஒரு ஷேர் ஆட்டோவின் முதுகுக்கு எல்லாம் ஆழினி ஏறிவிட்டாள். எத்திராஜுக்குச் சாப்பிட நேரமில்லை. சரி, படகும் கடையும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வழக்கத்தை நான் மறந்துவிட்டேன், ஊர் மறக்கவில்லை. படகில் உள்ள பெயர் வீட்டிலும் இருக்க வேண்டும் அல்லவா? படகில் ஆழினி என்று எழுதியவன் எல்லாம் வீட்டுக்குள் போய் ஆழினியைத் தேடினான். அந்த மாதம் பிறந்த பெண் குழந்தைகள் வரிசையாக ஆழினி ஆனார்கள். ஏற்கெனவே வேறு பெயர் வைத்த இரண்டு குழந்தைகளுக்குப் பெயரை மாற்றினார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் உள்ள வீட்டில் அவனை ஆழினிகுமார் ஆக்கினார்கள். பிள்ளையே இல்லாத ஒரு பெரியவர் தன் வெள்ளாட்டுக்கு வைத்தார். அந்த ஆடு கூப்பிட்டால் வரும்.

நான் உருவாக்கிய சரித்திரம் இதற்குள் என்னை விட்டு வெகுதூரம் போயிருந்தது. என் அக்கா பாக்கியம் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, ராணி ஆழினியின் அரண்மனை நாம் வலை போடும் இடத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறதாம் என்று எனக்கே சொன்னாள். திருப்பாலைவனத்தில் ஒரு குடும்பம், அவர்கள் முன்னோர் ராணிக்குச் சமையல்காரராக இருந்தார்களாம். ராணிக்கு நண்டு ஆகாதாம். அது நான் விட்ட கதை என்று சொல்லிப் பார்த்தேன்.

“உனுக்கு இன்னாடா தெரியும், நீ காலேஜ்ல கணக்கு படிச்சவன்” என்று முடித்துவிட்டாள்.

பெயரின் ராசியைக் கெடுப்பது ஒன்றுதான் வழி என்று தோன்றியது. நான் வெறும் வலையோடு நாலு நாள் திரும்பினால் தாங்களாகவே பெயரை அழித்துவிடுவார்கள். ஏரியில் எந்தப் பயலும் சீந்தாத ஓரமாகப் பார்த்து வலையை விட்டேன். அன்றைக்குப் பார்த்து நண்டு நண்டாக ஏறியது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்க வேண்டும் என்று முயற்சி செய்து, அதிலும் தோற்றேன். அன்று மாலை இன்னும் மூன்று படகுகளுக்கு ஆழினி என்று எழுதினார்கள்.

என் முகத்தைப் பார்த்து எத்திராஜுக்கே இரக்கம் வந்துவிட்டது. எல்லாரும் காப்பி அடிக்கிறார்கள், உன் படகில் மட்டும் முன்னால் ‘அசல்’ என்று போட்டுவிடுகிறேன், அப்போது யாரும் பங்குக்கு வர முடியாது என்றார். எனக்கு அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. ‘அசல் ஆழினி’ என்று சிவப்பில் எழுதி மஞ்சளில் நிழல் கொடுத்தார். ஒரு வாரம் அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. தொட்டில், பாத்திர பண்டங்களோடு மாமனார் மாமியார் ஆரம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். அமுலு மட்டும் புதுப் படகில்தான் வருவேன் என்று நின்றாள். படகுக்கு இன்னும் பெயர் எழுதவில்லை என்று போனில் சொல்லி வைத்திருந்தேன். வேறு படகை இரவல் கேட்கலாம் என்றால், எந்தப் படகைக் கேட்டாலும் அதில் ராணி ஆழினிதான் இருந்தாள். கடைசியில் என் படகின் மூக்கை நீலத் தார்ப்பாயால் மூடிக் கட்டிக்கொண்டு போனேன். பெயின்ட் காயவில்லை என்றேன். பெயர் எழுதாத படகு எப்படித் தண்ணீரில் இறங்கியது, அதில் என்ன பெயின்ட் என்று அவள் கேட்கவில்லை. குழந்தையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். பெயர் தயாரா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். தயார் என்றேன்.

பாதி ஏரி தாண்டியதும் வலப்பக்கம் ‘ஆழினி துணை’ எதிரே வந்தது. இடப்பக்கம் கையை நீட்டி, அதோ பூநாரைக் கூட்டம் பார் என்றேன். பார்த்தாள். பூநாரைகளுக்கு முன்னாலேயே ‘ஸ்ரீ ஆழினி’ வலை இழுத்துக்கொண்டிருந்தது. வெயில் படுகிறது, முந்தானையால் முகத்தை மூடிக்கொள் என்றேன். வாடைக் காற்றில் குளிர்கிறது, எங்கே வெயில் என்றாள். அதற்குள் ‘புனித ஆழினி’ எங்களை உரசிக்கொண்டு போய், அதிலிருந்தவர்கள் ஏதோ சாமியைப் பார்த்தது போல என் படகைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

“இன்னா மாமா, எல்லா போட்லயும் ஒரே பேரு கீது? ஆழினின்னா யாரு?”

பழைய ராணி என்று முனகினேன். அமுலு அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

“பேரு ரொம்ப நல்லா கீது மாமா. நல்ல வேள, நாம வைக்கல. ஊரே வச்சிக்கினு கீது பாரு.”

அந்த இடத்தில் ஏரி முழங்கால் ஆழம்தான். விழுந்து சாகக்கூட வழியில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கரைக்குப் போவதற்குள் வேறு பெயர் ஒன்று பிடித்துவிடலாம் என்று பெயர்ப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அவ்வளவு பயந்ததும் அவ்வளவு வெட்கப்பட்டதும் அன்றைக்குத்தான்.

கரை வந்தது. குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிய அமுலு, கால் வழுக்காமல் இருக்கப் படகின் மூக்கைப் பிடித்தாள். அவள் பிடித்தது தார்ப்பாயை. அது முழுசாக அவள் கையோடு வந்துவிட்டது. முனீஸ்வரன் கண்ணோடு ராணி அவளை முறைத்தாள். சரியாக அதே நேரம் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த பாக்கியம் அக்கா, எங்கள் ஆழினி வந்துவிட்டாள் என்று குரல் கொடுத்தாள். கரையில் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். எங்கள் ஆழினிக்கு அவர்கள் ஆழினிகளைக் காட்ட வந்திருந்தார்கள். பெயரைக் கேட்டு அந்த ஆடும் ஓடிவந்தது.

அமுலு ஆட்டைப் பார்க்கவில்லை. படகில் இருந்ததை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை.

“முன்னாடி ஒரு வார்த்த ஒட்டிட்டியே மாமா” என்றாள். அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் நின்றது.

வீட்டுக்குள் சடங்கு ஆரம்பித்தது. அத்தை குழந்தையை மடியில் வைத்துக் காதில் மூன்று முறை பெயர் சொல்வது எங்கள் முறை. பாக்கியம் அக்கா உட்கார்ந்து, ஆழினி என்று சொல்ல வாயெடுத்தாள். அமுலு அவள் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். கூடம் நிறைய ஆட்கள். மாமனார் என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். அமுலு அந்தப் பெண்களைப் பார்த்து, உங்களில் யாராவது பிள்ளைக்குக் கன்னியம்மா என்று பெயர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அவர்கள் சிரித்துவிட்டார்கள். இந்தக் காலத்தில் யார் வைப்பார்கள், ஊரில் இருக்கிற கன்னியம்மா எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்றார்கள். இனிமேல் வைப்பீர்களா என்றாள். காதில் பூச்சி ஏறினாற்போல எல்லாரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். எத்திராஜ் வாசலில் நிற்பதைப் பார்த்து அவரிடமும் கேட்டாள். ஐயையோ, அந்தப் பெயரில் எவன் படகு எழுதுவான் என்றார் அவர்.

“அப்ப இத எவனும் எடுக்க மாட்டான்” என்றவள், குனிந்து குழந்தையின் காதில் கன்னியம்மா, கன்னியம்மா, கன்னியம்மா என்று தானே மூன்று முறை சொல்லிவிட்டாள். பாக்கியம் அக்கா கையில் இருந்த சர்க்கரைக் கிண்ணம் கீழே விழுந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

என்னோடு அமுலு பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிற அளவுக்குப் பேசினாள். அடுத்த மாதம் இறால் அடியோடு நின்றது. ராணிக்கு நம்மேல் கோபம் என்றது ஊர். படகுகளில் எல்லாம் பெயரை மாற்றி எத்திராஜ் இன்னொரு சுற்று வேலை பார்த்தார். பிள்ளைகளுக்கு மாற்ற முடியவில்லை, எல்லாரும் பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். ஆழினிகுமாரின் அம்மா என்னைக் கண்டால் இப்போதும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். ஆடு மட்டும் கடைசிவரை சந்தோஷமாக இருந்தது.

இப்போது அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஆறாம் வகுப்பு. ஒரே வகுப்பில் ஐந்து ஆழினி. கண்ணாடி ஆழினி, குள்ள ஆழினி, ஐஸ் கடை ஆழினி என்று போகிறது. கன்னியம்மா ஒருத்திதான். இந்த வருடம் தென்பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த வகுப்பாசிரியர், வருகைப் பதிவேட்டில் ஐந்து ஆழினிகளைத் தாண்டி வந்து, கன்னியம்மா என்ற இடத்தில் நின்று நிமிர்ந்தாராம். இந்தக் காலத்தில் எங்கேயும் கேட்காத அபூர்வமான பெயராக இருக்கிறதே, யாரம்மா உனக்குத் தேடித் தேடி வைத்தது என்று கேட்டாராம். பெற்றோர் கூட்டத்தில் அவரே எங்களிடம் சொன்னார். என் மகள் எழுந்து நின்று, கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னாளாம்:

“எங்க நைனா வேற பேருதான் தேடி வச்சாரு சார். அத ஊர்ல இருக்கறவங்கல்லாம் ஆளுக்கொண்ணு எடுத்துக்கினாங்க. மீதி இருந்தது இதான்.”